ஏஜென்சிக்கு முன்னால் ரசீதுப் புத்தகம்

கேள்வி இதுதான்: தேனிப் பக்கம் ஒரு சிறிய அறக்கட்டளை, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளி நடத்துகிறது. 48 மாணவர்கள். மதியச் சாப்பாட்டுக்கு வரும் நன்கொடை, பெரிய பிள்ளைகள் செய்யும் அகல்விளக்கு, பேப்பர் கவர் விற்பனை, இந்த இரண்டை வைத்துத்தான் வண்டி ஓடுகிறது. சமூக ஊடக விளம்பரத்துக்கு மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் முடியாது. இந்த வேலையைப் பார்க்கும் டீச்சரால் வாரம் நாலு மணி நேரம்தான் ஒதுக்க முடியும். ஓர் ஏஜென்சி 15,000 கேட்கிறது. ஃபேஸ்புக் பக்கத்தில் 600 பேர் இருந்தும் பதிவுக்கு ஏழெட்டு லைக்தான் விழுகிறது. என்ன செய்யலாம்?

ஏஜென்சி வேண்டாம். அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காசுக்கு அவர்களால் தர முடிவது மாதம் பத்துப் பன்னிரண்டு போஸ்டர், நாலு ரீல்ஸ், பண்டிகைக்குப் பண்டிகை ஒரு வாழ்த்து. ஜவுளிக்கடைக்கு அது சரி. மதுரையில் ஒரு டி.டி.பி. கடையில் தொடங்கி, பல வருடமாகச் சின்ன அமைப்புகளுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பொங்கல் வாழ்த்துப் போஸ்டரைப் பார்த்துவிட்டு ஒரு பள்ளிக்கு மதியச் சாப்பாடு போட்டவரை இதுவரை சந்தித்ததில்லை.

600 பேருக்கு ஏழெட்டு லைக் என்பதற்கும் மனம் விட வேண்டாம். பக்கத்தில் போடும் பதிவை, பின்தொடரும் எல்லோருக்கும் ஃபேஸ்புக் காட்டுவதில்லை. கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கும். அவர்கள் நின்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் பேருக்குக் காட்டும். மிச்சத்துக்குக் காசு கேட்கும். காசு குறைவாக இருக்கிறவர்கள் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அது இல்லை.

உங்கள் அலுவலக பீரோவில் பழைய ரசீதுப் புத்தகங்கள் இருக்கும். நாலைந்து வருடத்துக்கானவற்றை வெளியே எடுங்கள். ஒவ்வொரு ரசீதிலும் பெயர், போன் நம்பர், தேதி, பெரும்பாலும் காரணமும் எழுதியிருக்கும்: ‘மகள் பிறந்தநாள்’, ‘தகப்பனார் நினைவுநாள்’, ‘கல்யாண நாள்’. மதியச் சாப்பாட்டு நன்கொடையின் அழகே இதுதான். ஒருவர் போன வருடம் ஆகஸ்ட் 9இல் அப்பாவின் நினைவுநாளுக்குச் சாப்பாடு போட்டிருந்தால், இந்த வருடமும் ஆகஸ்ட் 9 வரத்தான் போகிறது. திதி பார்ப்பவராக இருந்தால் பத்து இருபது நாள் முன்பின் ஆகும், அவ்வளவுதான். ஒரு வாரம் முன்னால் அவரை நினைத்துப் பேச யாரும் இல்லாததால்தான் அவர் உங்களை மறந்திருப்பார். இத்தனை வருடத்தில் நான் பார்த்த அமைப்புகளில் பாதிக்கு மேல், ஒருமுறை கொடுத்தவரை மறுபடி கூப்பிட்டதே இல்லை. புதியவர்களைத் தேடி இணையத்தில் அலைந்துகொண்டிருந்தார்கள்.

அந்த ரசீதுகளை ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். பெயர், எண், நாள், காரணம், கொடுத்த தொகை. இதற்கு இரண்டு சனிக்கிழமை ஆகும். பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளை யாராவது இருந்தால் உட்கார வையுங்கள். தேதி வாரியாக வரிசைப்படுத்தினால், வருடத்தில் எந்தெந்த நாளுக்கு ஆள் இருக்கிறது, எது காலி என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அப்புறம் ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை மூன்றையும் தனி வண்ணத்தில் குறித்துக்கொள்ளுங்கள். முன்னோர் நினைவாக நாலு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று நம் ஊர் மக்கள் தாங்களாகவே நினைக்கிற நாட்கள் அவை. ரமலான் மாதத்தையும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம்தான், ஆனால் அன்றைக்கு எல்லா அமைப்பும் பதிவு போடும், உங்கள் குரல் அதில் அமுங்கிப்போகும். நானாக இருந்தால் அன்று ஒரு படம் போட்டுவிட்டு, பணம் கேட்பதை வேறு நாளுக்கு வைத்துக்கொள்வேன்.

சரி, பட்டியல் வந்துவிட்டது. இனி வாட்ஸ்அப் பிசினஸ். இந்தச் செயலி இலவசம். சாதாரண வாட்ஸ்அப்பில் இல்லாத மூன்று விஷயங்கள் இதில் உங்களுக்கு உதவும். ஒன்று, பள்ளியின் பழைய லேண்ட்லைன் எண்ணிலேயே இதைத் தொடங்கலாம்; சரிபார்க்கும் எண்ணை அழைப்பு வழியாகக் கேட்டுக்கொள்ளலாம். இருபது வருடமாக ஊருக்குத் தெரிந்த எண் ஒரு ஆசிரியையின் சொந்த போனுக்குள் போய் முடங்காது. இரண்டு, லேபிள். ‘பிறந்தநாள்’, ‘அமாவாசை’, ‘விளக்கு வாங்கியவர்’ என்று ஒவ்வொருவர் மேலும் ஒட்டிவைக்கலாம். மூன்று, கேட்டலாக். விளக்கு, கவர், ஃபைல் எல்லாவற்றையும் படம், விலையோடு கடை போல அடுக்கி வைக்கலாம்.

குழு ஆரம்பித்து எல்லோரையும் அதில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதல் நாளே பாதிப் பேர் வெளியேறுவார்கள், நாலு பேர் ஸ்பேம் என்று புகார் கொடுப்பார்கள், எண்ணே முடங்கிப் போகலாம். பிராட்காஸ்ட் பட்டியல்தான் சரி. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். பெறுபவருக்கு அது தனிச் செய்தியாகவே போய்ச் சேரும். ஆனால் இதில் பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். 256 பேருக்கு அனுப்பிவிட்டோம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள், போய்ச் சேர்ந்தது நாற்பது பேருக்காக இருக்கும். அதனால் நன்கொடைக்கு ரசீது அனுப்பும்போதே பள்ளியின் கான்டாக்ட் கார்டையும் அனுப்பி, “இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், உங்கள் பணத்தில் சாப்பாடு நடந்த அன்று படம் அனுப்புகிறோம்” என்று எழுதுங்கள். அந்தப் படத்துக்காகவே சேமிப்பார்கள். சொன்னபடி படமும் போக வேண்டும். அன்றே, மதியம் இரண்டு மணிக்குள்.

காலை வணக்கம், பூங்கொத்து, பொன்மொழி எதுவும் அந்த எண்ணிலிருந்து போகக் கூடாது. மாதம் இரண்டு செய்தி, அதிகம் போனால் மூன்று. நாள் வரும்போது தனியாக ஒன்று. அவ்வளவு போதும்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். “நல்லுள்ளம் கொண்டவர்கள் தங்களால் இயன்ற உதவியைச் செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்” என்று எழுதினால், படிப்பவர் தன்னை நல்லுள்ளம் கொண்டவர் என்று நினைத்துக்கொண்டே அடுத்த செய்திக்குப் போய்விடுவார். எவ்வளவு, எப்போது, எதற்கு என்று அதில் எதுவுமே இல்லையே. இப்படி எழுதிப் பாருங்கள்:

“வணக்கம் சார். போன வருடம் உங்கள் அப்பா நினைவுநாளுக்கு நம் பிள்ளைகளுக்குச் சாம்பார் சாதமும் பாயசமும் போட்டீர்கள். வரும் சனிக்கிழமை அதே நாள். இந்த வருடமும் வைத்துக்கொள்ளலாமா? 48 பேருக்கு 3,600 ரூபாய் ஆகிறது. முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு நடை வந்து பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.”

ஒரு சாப்பாட்டுக்கு 75 ரூபாய் என்று நான் போட்டது உத்தேசக் கணக்கு. உங்கள் சமையல்கார அம்மாவிடம் கேட்டுச் சரியானதைப் போடுங்கள். பொதுவாக அனுப்பும்போதும் இதே முறைதான்: “14ஆம் தேதி மதியத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.” ஆள் கிடைத்ததும் “14ஆம் தேதிக்கு ஆள் கிடைத்துவிட்டது, நன்றி” என்று மறுசெய்தி கட்டாயம் போக வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது முகநூலிலும் ட்விட்டரிலும் காசே செலவழிக்காமல் எத்தனையோ பேர் படகும் சாப்பாடும் ஏற்பாடு செய்தார்கள். இடம், நேரம், தொடர்பு எண் மூன்றும் தெளிவாக இருந்த செய்திகள் வேலை செய்தன. அவற்றிலேயே சில, தேவை முடிந்து நாள் கணக்கானபின்னும் சுற்றிக்கொண்டிருந்து குழப்பின. போட்டவர் முடிந்தது என்று சொல்லாததுதான் காரணம். ‘தேதி போடாத வேண்டுகோள் வெளியே போகக் கூடாது’ என்று ஒரு விதியே வைத்துக்கொள்ளுங்கள்.

வைரல் ஆக வேண்டும் என்று உங்கள் நிர்வாகக் குழுவில் யாராவது ஆசைப்படுவார்கள். 2014இல் தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்ட சவாலில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய்க்கான அமெரிக்கச் சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் வந்தது உண்மைதான். அதை அந்தச் சங்கம் திட்டமிட்டு ஆரம்பிக்கவில்லை என்பதும் உண்மை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஹைதராபாத் பத்திரிகையாளர் மஞ்சு லதா கலாநிதி, தண்ணீரை வீணாக்குவதற்குப் பதில் ஒரு வாளி அரிசியைப் பக்கத்தில் இருக்கும் ஏழைக்குக் கொடுங்கள் என்று அதைத் திருப்பிப் போட்டார், அதுவும் பரவியது. எனக்கு இந்த இரண்டாவதுதான் பிடிக்கும். வீட்டில் இருக்கிற பொருள், தெருவில் இருக்கிற ஆள், ஐந்து நிமிட வேலை. இப்படி ஒரு யோசனை தானாக அமைந்தால் செய்யுங்கள். அமைவதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

படங்களுக்கு வருவோம். அழுகிற முகம், மூக்கு ஒழுகுகிற முகம், கை நீட்டி நிற்கிற பிள்ளை இவை வேண்டவே வேண்டாம். காசு வரும் என்று சிலர் சொல்வார்கள், ஒருமுறை வரும். ஆனால் அந்தப் பிள்ளையின் அம்மா அதே ஊரில்தான் ரேஷன் கடைக்குப் போகிறார். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், எந்தெந்த இடத்தில் படம் வரும் என்று சொல்லி வாங்குங்கள். உங்களிடம் விடுதி இருந்து, குழந்தைகள் நலக் குழு மூலம் வந்த பிள்ளைகள் அங்கே இருந்தால் அவர்கள் முகம், பெயர் எதுவும் வெளியே போகக் கூடாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவில் இதைத் தடை செய்திருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். நல்ல மனதோடு செய்தோம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

முகம் இல்லாமலே நிறைய எடுக்கலாம். களிமண்ணை அழுத்தும் கைகள். வரிசையாகக் காயும் விளக்குகள். திரி வைக்கும் இடத்தை விரலால் கிள்ளி எடுக்கும் அந்த ஒரு நொடி. காலை ஒன்பது மணிக்கு வராந்தாவில் விழும் வெளிச்சம் போதும், லைட் செட் எதற்கு? ஒரு காலர் மைக்கும் போனை நிறுத்தி வைக்க ஒரு சின்ன முக்காலியும் சில நூறு ரூபாயில் கிடைக்கும், அது மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மக்கள் படம் மங்கலாக இருந்தாலும் பார்ப்பார்கள். சத்தம் கேட்காவிட்டால் தள்ளிவிட்டுப் போவார்கள். வெட்டி ஒட்ட, இன்ஸ்டாகிராம் நிறுவனமே 2025இல் கொண்டுவந்த ‘எடிட்ஸ்’ செயலி இலவசமாக இருக்கிறது. பின்னணியில் சினிமாப் பாட்டு வைக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஓர் அமைப்பின் ஆண்டுவிழா வீடியோவை உருகி உருகி எடிட் செய்து ஏற்றினோம், பாட்டின் காப்புரிமையால் சத்தத்தை வெட்டிவிட்டார்கள், அரை மணி நேரத்தில் ஊமைப்படமாகிவிட்டது. பிள்ளைகளின் பேச்சுச் சத்தமே நல்ல பின்னணி இசை.

டி.டி.பி. ஆளாக ஒரு வார்த்தை. நோட்டீஸ் அடித்த பிரஸ்ஸிலிருந்து பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த மேட்டரை வாங்கி அப்படியே வாட்ஸ்அப்பில் ஒட்டினால், வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எல்லா போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் மாற்றிக் கேளுங்கள். கூகுள் எழுத்துருக்களில் முக்தா மலர், கட்டமரன், மீரா இனிமை, பலூ தம்பி எல்லாம் இலவசம். தலைப்புக்குப் பலூ தம்பி, மற்றதுக்கு முக்தா மலர் என்று ஒரே ஜோடியை வருடம் முழுக்க வைத்துக்கொண்டால், பெயரைப் படிக்கும் முன்பே உங்கள் பள்ளிப் பதிவு என்று அடையாளம் தெரிந்துவிடும். போஸ்டர் வடிவமைக்கக் கேன்வா என்ற செயலி. பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களுக்கு அதன் கட்டணப் பதிப்பையே இலவசமாகத் தருகிறார்கள். பதிவு ஆவணங்களை ஏற்றி விண்ணப்பிக்க வேண்டும்.

இனி அந்த 2,000 ரூபாய். மாதம் 2,000 என்று பார்க்காதீர்கள், வருடத்துக்கு 24,000 என்று பாருங்கள். முப்பது நாளும் தினம் அறுபது எழுபது ரூபாய் கட்டிப் பதிவை பூஸ்ட் செய்வது, அதாவது விளம்பரமாகப் பரப்புவது, கண்மாயில் பெருங்காயம் கரைத்த மாதிரிதான். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் 8,000. மூன்று அமாவாசைக்கும் தலா 3,000. மீதி 7,000 மைக், முக்காலி, இணையதளப் பெயர், நன்றிக் கடிதத் தபால்செலவு என்று போகட்டும். விளம்பரத் தொகையோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும் என்பதால், 8,000இல் விளம்பரமாக ஓடுவது சுமார் 6,780தான். ஐபோன் செயலிக்குள் இருந்தபடி பூஸ்ட் பொத்தானை அழுத்தினால் ஆப்பிளும் தன் பங்கைச் சேர்த்துக்கொள்ளும். உலாவியில் திறந்து கட்டினால் அது மிச்சம். தொகையை முன்பணமாகப் போட்டு, முடிவு தேதியையும் வைத்துவிடுங்கள். தேதி வைக்க மறந்து, வாரக்கணக்கில் ஓடிய விளம்பரத்துக்குப் பணம் கட்டிய அனுபவம் எனக்கே உண்டு.

எதை பூஸ்ட் செய்வது? ஏற்கெனவே காசில்லாமலே நன்றாக ஓடிய பதிவை மட்டும். நோக்கம் என்று கேட்கும் இடத்தில் லைக்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள், வாட்ஸ்அப் செய்தியைத் தேர்ந்தெடுங்கள். படத்துக்குக் கீழே உள்ள பொத்தானைத் தொட்டால் உங்கள் எண்ணில் உரையாடல் திறக்கும். அமாவாசைச் சாப்பாட்டுக்குப் பள்ளியைச் சுற்றி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போதும், வந்து பார்க்கக்கூடிய தூரம். விளக்கு கூரியரில் போகும் என்பதால் மதுரை, கோவை, சென்னை வரை விரிக்கலாம், ஆனால் உடையாமல் பேக்கிங் செய்யத் தெரிந்த பிறகு. முதல் வருடம் நூறு பெட்டி உடைந்து திரும்பினால் அந்த வாய்வழிச் செய்தி எந்த விளம்பரத்தையும் விட வேகமாகப் போகும்.

கூகுளின் தொண்டு நிறுவனத் திட்டம் பற்றி யாராவது சொல்லியிருப்பார்கள்: மாதம் 10,000 டாலர் வரை இலவசத் தேடல் விளம்பரம். உண்மைதான். ஆனால் பள்ளிகளும் மருத்துவமனைகளும் அதில் சேர முடியாது. உங்கள் அறக்கட்டளை பள்ளியாகவே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தகுதி இருந்தாலும் சொந்த இணையதளம் வேண்டும், விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் 5 சதவீதமாவது சொடுக்க வேண்டும், தொடர்ந்து கவனிக்க ஆள் வேண்டும். வாரம் நாலு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்ற நிலையில் இப்போதைக்கு அதைத் தள்ளி வையுங்கள். அதற்குப் பதில் கூகுள் மேப்பில் பள்ளியின் இடத்தை உங்கள் கணக்கில் உறுதிசெய்து, பத்துப் படமும் சரியான போன் நம்பரும் போடுங்கள். ‘பக்கத்தில் சிறப்புப் பள்ளி’ என்று தேடும் பெற்றோருக்கு அதுதான் முதலில் கண்ணில் படும்.

பணம் வாங்குவதில் இரண்டு எச்சரிக்கை. செய்தி சிங்கப்பூர், கனடா குழுக்களுக்கும் போகும், அங்கிருந்து பணமும் வரும். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தமிழராகவே இருந்தாலும், எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நிதிச் சட்டப் பதிவு இல்லாமல் அவரிடம் வாங்கக் கூடாது. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. அதனால் க்யூஆர் கோடுக்குக் கீழேயே “இந்தியக் குடிமக்களிடமிருந்து மட்டும்” என்று அச்சடித்துவிடுங்கள். இன்னொன்று 80ஜி, நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை தரும் சான்று. உங்களுக்கு அந்தச் சான்று இருந்தால் சொல்லலாம், ஆனால் பெரிய எழுத்தில் வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது; புதிய வரி முறையில் இருப்பவருக்கும் கிடையாது. வருட முடிவில் ஆடிட்டர் கைவிரித்ததும் அவர் கோபம் உங்கள் மேல்தான் திரும்பும்.

இன்ஸ்டாகிராம், யூடியூப் இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன். வாரம் எடுக்கும் ஒரு வீடியோவையே இரண்டிலும் போடுங்கள், தனியாக மெனக்கெட வேண்டாம். ஃபேஸ்புக் நிறுவனத்தின் மெட்டா பிசினஸ் சூட்டில் ஃபேஸ்புக்குக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் சேர்த்து முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கலாம், அதுவும் இலவசம். ஒரு மாதப் பதிவை ஒரு சனிக்கிழமையில் முடித்துவிட்டால் மற்ற நாட்களில் டீச்சர் வகுப்பைப் பார்க்கலாம்.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பக்கத்தை யார் பெயரில் தொடங்கினார்கள் என்று பாருங்கள். நான் அறிந்த ஒரு முதியோர் இல்லத்தில், பக்கத்தைத் தொடங்கிய தம்பி வேலை கிடைத்து பெங்களூரு போனார், போனும் மாறியது, பாஸ்வேர்டும் போயிற்று. ஆறு வருடப் படங்கள் உள்ள பக்கம் பூட்டிய வீடு மாதிரி இன்னும் அப்படியே கிடக்கிறது. குறைந்தது இரண்டு நிர்வாகிகள், இருவருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. பக்கமாக இல்லாமல் தனிநபர் கணக்காக நடத்திக்கொண்டிருந்தால் அதையும் மாற்றுங்கள். அதில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது.

அப்புறம் ரசீதுப் புத்தகத்தில் புதிதாக ஒரு கட்டம் அடிக்கச் சொல்லுங்கள்: ‘எப்படித் தெரிந்தது?’ போன் எடுக்கும் அக்கா ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டு எழுதட்டும். வாட்ஸ்அப், ஃபேஸ்புக், தெரிந்தவர் சொன்னது, போர்டு பார்த்து வந்தது என்று ஒரு சொல் போதும். ஆறு மாதம் கழித்து அந்தக் கட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த 12,000 ரூபாயை எங்கே போடலாம் என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.